ரோலிங் ஸ்டோன்ஸ் தொகுப்புகளில் எதை வாங்குவது, எதை வைத்து எடைபோடுவது?

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டு ஐந்தாறு கேட்டேன், பிடித்துவிட்டது, ஒரே ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வாங்கலாம் என்று பார்த்தால் ‘ஹாட் ராக்ஸ்’, ‘ஃபார்ட்டி லிக்ஸ்’, ‘ஜம்ப் பேக்’, ‘கிர்ர்ர்!’, ‘ஹாங்க்’ என்று வரிசையாக இருக்கின்றன, பாட்டு அதிகம் உள்ளதை எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தத் தட்டை வாங்குவது என்பது ஒன்று. ஒரு தொகுப்பு தேறுமா தேறாதா என்று பின்னட்டையைப் பார்த்தே எப்படித் தெரிந்துகொள்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் ‘ஹாட் ராக்ஸ் 1964–1971’. ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் நான் சொல்வது உங்களுக்குச் சரிப்படுமா என்று நீங்களே முடிவு செய்ய முடியும். பாட்டின் எண்ணிக்கையைக் கடைசியில் பார்த்தால் போதும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு: யாருடைய உரிமை, எந்த நாட்டுக்காகப் போட்ட பட்டியல், பாட்டின் எந்த வடிவம், எப்போது செய்த மாஸ்டரிங் (முடிந்த பாட்டைத் தட்டில் ஏற்றுவதற்கு முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு).

உரிமையிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டோன்ஸ் தொகுப்புகளில் இருக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. 1963ல் முதல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) வந்ததிலிருந்து அறுபதுகள் முடியும்வரை இந்தக் குழு பிரிட்டனில் டெக்காவுக்கும், அமெரிக்காவில் அதன் லேபிளான லண்டன் ரெக்கார்ட்ஸுக்கும் பதிவு செய்தது. அந்தப் பதிவுகளின் உரிமை ஆலன் க்ளைன் என்ற மேலாளரின் ஆப்கோ நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குழு 1971ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த லேபிளைத் தொடங்கி ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. அதிலிருந்து வந்தவை குழுவின் கையில் இருப்பவை. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு இந்தக் குழுவின் தொகுப்புகள் இரண்டு தனித்தனி ஓடைகளாக வந்தன. 1971 டிசம்பரில் வெளியான ‘ஹாட் ராக்ஸ்’ அந்த ஆண்டின் பாட்டுகளில் இரண்டோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பாட்டு தீர்ந்துபோனதல்ல, கையில் இருந்த டேப் தீர்ந்துபோனது. 1975ல் வந்த ‘மேட் இன் தி ஷேட்’, 1993ல் வந்த ‘ஜம்ப் பேக்’ இரண்டிலும் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ இல்லாததும் அதனால்தான். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு இரண்டு காலத்தையும் ஒன்றாகச் சேர்த்த முதல் தொகுப்பு 2002ல் வந்த ‘ஃபார்ட்டி லிக்ஸ்’.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘பிரவுன் ஷுகர்’, ‘வைல்ட் ஹார்சஸ்’ இரண்டும் வெளியானது 1971ல் என்றாலும் பதிவானது 1969 டிசம்பர் தொடக்கத்தில், அலபாமாவில் உள்ள மஸ்ஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோவில். அப்போது பழைய ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. அதனால் இரண்டு பாட்டுக்கும் இரு தரப்புக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டு மட்டும் ‘ஹாட் ராக்ஸ்’ இரட்டை எல்பியின் (வினைல் தட்டின்) நான்காம் பக்கத்திலும் இருக்கும், ‘மேட் இன் தி ஷேட்’டிலும் இருக்கும், ‘ஜம்ப் பேக்’கிலும் இருக்கும். எந்தக் குழுவின் தொகுப்பானாலும் ஒரு பெரிய பாட்டு காணவில்லை என்றால், தொகுத்தவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஆண்டுகளையும் லேபிளையும் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது நாடு. ‘ஹிட்’ என்றால் எந்த ஊர் ஹிட் என்று கேட்க வேண்டும். ஸ்டோன்ஸுக்கு பிரிட்டனில் எட்டு பாட்டு முதலிடம் பிடித்தன: ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’, ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’, ‘தி லாஸ்ட் டைம்’, ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’, ‘கெட் ஆஃப் ஆஃப் மை கிளவுட்’, ‘பெயிண்ட் இட் பிளாக்’, ‘ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்’, ‘ஹாங்கி டோங்க் விமன்’. அமெரிக்காவிலும் முதலிடம் எட்டுதான், ஆனால் பட்டியல் வேறு: ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’, ‘கெட் ஆஃப்’, ‘பெயிண்ட் இட் பிளாக்’, ‘ரூபி டியூஸ்டே’, ‘ஹாங்கி டோங்க் விமன்’, ‘பிரவுன் ஷுகர்’, பிறகு 1973ல் ‘ஆஞ்ஜி’, 1978ல் ‘மிஸ் யூ’. இந்த இரண்டு பட்டியலையும் ‘ஹாட் ராக்ஸ்’ அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க முதலிடங்களில் 1971 வரை வந்த ஆறும் அதில் இருக்கின்றன. பிரிட்டிஷ் முதலிடங்களில் முதல் மூன்றும் அதில் இல்லை. அது அமெரிக்கக் காதுக்காகப் போட்ட பட்டியல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். விடுபட்டவற்றில் ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’, ‘தி லாஸ்ட் டைம்’ இரண்டையும் மறு ஆண்டு ‘மோர் ஹாட் ராக்ஸ்’ என்று இன்னொரு இரட்டைத் தட்டு போட்டுச் சேர்த்தார்கள். வில்லி டிக்ஸன் எழுதிய ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ அதிலும் இடம் பெறவில்லை. மெதுவாக நகரும் சுத்தமான புளூஸ் பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது இந்தக் குழுவின் கதையில் ஒரு பெரிய நிகழ்ச்சி. அமெரிக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது நடந்ததே தெரியாது.

இந்த வேறுபாட்டுக்கு வியாபார வழக்கமும் ஒரு காரணம். அறுபதுகளில் பிரிட்டனில் சிங்கிளாக விற்ற பாட்டை ஆல்பத்தில் மறுபடி போடுவதை ரசிகனை ஏமாற்றுவதாகவே பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் நேர்மாறு, சிங்கிளை ஆல்பத்தின் முகப்பிலேயே வைத்து விற்றார்கள். ‘ஆஃப்டர்மாத்’ 1966ல் பிரிட்டனில் 14 பாட்டுடன், ‘பெயிண்ட் இட் பிளாக்’ இல்லாமல் வந்தது. அமெரிக்காவில் அதே பெயரில் 11 பாட்டுடன், ‘பெயிண்ட் இட் பிளாக்’ முதல் பாட்டாக வந்தது. அதே ஆண்டு ‘பிக் ஹிட்ஸ்’ என்ற முதல் தொகுப்பும் இரண்டு நாட்டிலும் வந்தது. அமெரிக்கப் பதிப்பு மார்ச்சில், 12 பாட்டு. பிரிட்டிஷ் பதிப்பு நவம்பரில், 14 பாட்டு. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பழைய எல்பி வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். லேபிளில் டெக்கா இருக்கிறதா லண்டன் இருக்கிறதா என்று பார்த்து, பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘ஹாட் ராக்ஸ்’ ஏன் என்று சொல்கிறேன். ஹிட் தொகுப்பு என்றாலும் அது ஹிட்டோடு நிற்கவில்லை. ‘கிம்மி ஷெல்ட்டர்’, ‘சிம்பதி ஃபார் தி டெவில்’, ‘அண்டர் மை தம்ப்’ மூன்றும் வெளிவந்த காலத்தில் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ சிங்கிளாக வரவில்லை. ‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்’ சிங்கிளின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு. விற்பனைப் பட்டியலை மட்டும் பார்த்துத் தொகுத்திருந்தால் இந்த நான்கும் போயிருக்கும், கூடவே குழுவின் உயிரும் போயிருக்கும். தொகுத்தவர்கள் இவற்றை உள்ளே கொண்டுவந்தது பெரிய காரியம்.

அதைவிட முக்கியம் வரிசை. 21 பாட்டு, நான்கு பக்கம். முதல் பக்கம் 1964, 65. இரண்டாவது 1966லிருந்து 1967 தொடக்கம் வரை. மூன்றாவது 1968, 69. நான்காவது 1969லிருந்து 71. ஒரு குழு அமெரிக்க சோல், புளூஸ் பாட்டுகளைப் பாடிப் பழகி, சொந்தமாக எழுதத் தொடங்கி, சிதார் மரிம்பா என்று கைவைத்துப் பார்த்து, பிறகு கித்தாருக்குத் திரும்பி முழுப் பலத்தோடு நிற்பது பக்கம் பக்கமாகக் காதில் விழுகிறது. மூன்றாம் பக்கத்தில் ‘ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்’, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’, ‘சிம்பதி ஃபார் தி டெவில்’, ‘ஹாங்கி டோங்க் விமன்’, ‘கிம்மி ஷெல்ட்டர்’ என்று ஐந்து பாட்டு, கிட்டத்தட்ட 21 நிமிடம். ஐந்துக்கும் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். ராக் இசையின் எந்தத் தொகுப்பிலும் இதற்கு ஈடான ஒரு பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. குறை ஒன்றும் இருக்கிறது. 1967 இறுதியில் வந்த ‘தேர் சாட்டானிக் மெஜஸ்டீஸ் ரெக்வெஸ்ட்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட எடுக்கவில்லை. ‘ஷீ இஸ் எ ரெயின்போ’ வேண்டுமென்றால் ‘மோர் ஹாட் ராக்ஸு’க்குத்தான் போக வேண்டும்.

‘ஃபார்ட்டி லிக்ஸ்’ இரண்டு சிடியில் 40 பாட்டு. எண்ணிக்கையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆனால் எண்ணிப் பார்த்தால் படம் மாறும். முதல் சிடியின் 20 பாட்டில் 15 ‘ஹாட் ராக்ஸி’ல் இருப்பவைதான். புதிதாகக் கிடைப்பவை ‘தி லாஸ்ட் டைம்’, ‘நாட் ஃபேட் அவே’, ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’, ‘ஷீ இஸ் எ ரெயின்போ’, ‘ஹேவ் யூ சீன் யுவர் மதர் பேபி’ என்ற ஐந்து. பதிலுக்கு ‘ப்ளே வித் ஃபயர்’, ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’, ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’, ‘டைம் இஸ் ஆன் மை சைட்’, ‘மிட்நைட் ராம்ப்ளர்’ ஐந்தும் போகின்றன. இரண்டாம் சிடியின் 20 பாட்டில் எட்டு 1989க்கும் அதற்குப் பிறகும் உள்ளவை, அவற்றில் நான்கு இந்தத் தொகுப்புக்காகவே பதிவு செய்தவை. ஏற்கெனவே எல்லாம் வைத்திருக்கும் ரசிகனையும் வாங்க வைக்க நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது இது. புதியவருக்கு அந்த இடம் வீண். அந்த நான்கின் இடத்தில் ‘வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்’, ‘பிட்ச்’ போன்றவை இருந்திருக்கலாம், இரண்டும் இந்த 40ல் இல்லை. வரிசையும் காலப்படி இல்லை. 1968ல் தொடங்கி, 69க்குப் போய், 65க்குத் தாவும். காரில் ஓடவிட்டுக் கேட்க நன்றாக இருக்கும். குழு எப்படி வளர்ந்தது என்று கேட்க நினைப்பவருக்குக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரிதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஜம்ப் பேக்’ 1971–93 காலத்துக்கு ஒரே சிடியில் 18 பாட்டு. ‘ஹாட் ராக்ஸோ’டு சேர்த்து வாங்கினால் மொத்தம் 39, இரண்டு முறை வருபவை ‘பிரவுன் ஷுகர்’, ‘வைல்ட் ஹார்சஸ்’ மட்டும். இந்த ஜோடிதான் எனக்குத் தெரிந்து வீண் மிகக் குறைந்த கூட்டு. ‘ஹேப்பி’, ‘ஷாட்டர்ட்’ இரண்டும் இல்லாதது குறைதான். 2012ல் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த ‘கிர்ர்ர்!’ ஒரே பெயரில் 40, 50, 80 பாட்டு என்று வெவ்வேறு அளவில் வந்தது. அதில் 50 பாட்டுள்ள மூன்று சிடி பதிப்பு நல்ல தொகுப்பு. 1963ன் முதல் சிங்கிள் ‘கம் ஆன்’ தொடங்கி ஏறத்தாழ காலவரிசையில் போகிறது, ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ உள்ளே இருக்கிறது. ஒரே பெட்டியில் எல்லாக் காலமும் வேண்டும், இனி வேறெதுவும் வாங்கப்போவதில்லை என்றால் அதை எடுங்கள். 2019ன் ‘ஹாங்க்’ 1971லிருந்து வந்த பாட்டுகள் மட்டும். அதை முதல் தொகுப்பாக வாங்குவது ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ இல்லாத ஸ்டோன்ஸை வாங்குவது. 2023ல் வந்த ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ பாட்டுகள் நீங்கள் சொன்ன ஐந்தில் எதிலும் இருக்க வழியில்லை.

மூன்றாவது, பாட்டின் வடிவம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிவோ நீளமோ வேறாக இருக்கலாம். பின்னட்டையில் நிமிடம் அச்சிட்டிருந்தால் அதுதான் உங்களுக்கு நல்ல துப்பு. ‘மிஸ் யூ’ ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ரேடியோவுக்காக வெட்டிய சிங்கிள் மூன்றரை நிமிடம். நடன அரங்குகளுக்காக வந்த 12 அங்குலத் தட்டில் எட்டரை நிமிடம். ‘ஜம்ப் பேக்’ ஒரே சிடியில் 18 பாட்டை அடைக்க வேண்டியிருந்ததால் ‘மிஸ் யூ’, ‘ஹாட் ஸ்டஃப்’ இரண்டையும் குறுக்கிய வடிவத்தில்தான் வைத்தது. சிடி ஒன்றில் அதிகபட்சம் 80 நிமிடம்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சிடியில் 20 பாட்டு என்று பெருமையாகப் போட்டிருந்தால் சராசரி நான்கு நிமிடத்துக்கு மேல் போக முடியாது. எங்கோ எதையோ வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டிய இடம் அது. ‘ஹாட் ராக்ஸ்’ சுமார் 85 நிமிடம். அதனால்தான் 21 பாட்டுக்கு இரண்டு சிடி.

‘யூ கான்ட் ஆல்வேஸ் கெட்’ ஆல்பத்தில் ஏழரை நிமிடம், லண்டன் பாக் கொயரின் கூட்டுக்குரலில் தொடங்கும். சிங்கிளின் பின்பக்கத்தில் அந்தத் தொடக்கமே கிடையாது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ‘ஹாட் ராக்ஸி’ல் இருப்பது முழு வடிவம். அதில் உள்ள ‘மிட்நைட் ராம்ப்ளர்’ ஸ்டூடியோ பதிவு அல்ல, 1969 நவம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவான மேடைப் பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். ‘லெட் இட் ப்ளீட்’ ஆல்பத்தில் இருப்பதைவிட எனக்கு இதுதான் மேல். ‘டைம் இஸ் ஆன் மை சைட்’ பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு, ஆர்கனில் தொடங்குவது ஒன்று, கித்தாரில் தொடங்குவது இன்னொன்று. ‘ஹாட் ராக்ஸி’ல் இருப்பது கித்தார் பதிவு. நீங்கள் எங்கோ கேட்டு மயங்கிய பாட்டு வீட்டில் வேறு மாதிரி ஒலித்தால் காரணம் பெரும்பாலும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

மோனோ (இரு பக்கமும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இடது வலது தனித்தனி ஒலி) விஷயமும் இதோடு சேர்ந்தது. 1968 வரை வந்த ஸ்டோன்ஸ் சிங்கிள்கள் மோனோவாகவே வெளிவந்தவை, அந்த மிக்ஸில்தான் (குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதத்தில்தான்) கித்தாரும் டிரம்ஸும் ஒரே அடியாக முகத்தில் அறையும். மோனோ பழசு, ஸ்டீரியோ மேல் என்று நினைத்துத் தேட வேண்டாம். பின்னால் ஸ்டீரியோ என்று எழுதி விற்பதற்காக மோனோ டேப்பையே எடுத்து, அடிச்சுரத்தை ஒரு பக்கமும் மேல்சுரத்தை இன்னொரு பக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி சேர்த்துப் போலி ஸ்டீரியோ செய்தார்கள். அமெரிக்க எல்பிகளில் இது சர்வசாதாரணம். அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி’ என்ற சொல் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடுங்கள். சிடியையோ ஃபைலையோ சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, இடது வலது தடங்களைப் பிரித்து, இரண்டையும் மோனோவாக மாற்றி, ஒன்றை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்து (அலையைத் தலைகீழாக்கி) சேர்த்து ஓடவிடுங்கள். சத்தமே இல்லாமல் போனால் அது அசல் மோனோ. மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சினாலும் மோனோதான், டேப்பை ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டிப் படியெடுத்ததன் சுவடு அது. குரலும் வாத்தியமும் தெளிவாக மிஞ்சினால் ஸ்டீரியோ, உண்மையானதாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். அதைக் காதால்தான் பிரிக்க வேண்டும்: உண்மையான ஸ்டீரியோவில் ஒவ்வொரு வாத்தியமும் ஓர் இடத்தில் நிற்கும், போலியில் எல்லாமே இரண்டு பக்கமும் மங்கலாகப் பரவியிருக்கும். அறுபதுகளின் சிங்கிள்களை அவை வந்த வடிவத்திலேயே கேட்க விரும்பினால் 1989ல் வந்த ‘சிங்கிள்ஸ் கலெக்ஷன்: தி லண்டன் இயர்ஸ்’ இருக்கிறது. மூன்று சிடி, 58 பாட்டு, முன்பக்கமும் பின்பக்கமுமாக. முதல் தொகுப்பாக அது கனம், இரண்டாவதாக அருமை.

கடைசியில் மாஸ்டரிங். இங்கேதான் நிச்சயமாகச் சொல்லக்கூடியதும் சந்தேகத்துக்கு உரியதும் கலந்து கிடக்கின்றன. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து சிடிகளின் சராசரிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள் என்பது உறுதி. சிடியில் ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் அலை ஏற முடியாது. ஆகவே சராசரியை ஏற்ற வேண்டுமானால் உச்சங்களை லிமிட்டரால் (சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத கருவியால்) தட்ட வேண்டும். டிரம்ஸ் அடியின் முனை மழுங்குவது அதனால்தான். இதைச் சோதிக்க ஸ்டோன்ஸ் பாட்டுகளில் மிகச் சிறந்தது ‘கிம்மி ஷெல்ட்டர்’. தொடக்கத்தில் நடுங்கும் ஒற்றைக் கித்தார் மட்டும். அதன்மேல் சுரண்டும் தாளக் கருவி, தூரத்திலிருந்து வருவது போன்ற பின்னணிக் குரல், பிறகு பாஸ், பியானோ என்று ஏறி, டிரம்ஸ் முழுதாக இறங்கும்போதுதான் பாட்டு கதவைத் திறக்கிறது. நல்ல மாஸ்டரிங்கில் முதல் விநாடிகளுக்கு நீங்கள் வைத்த வால்யூம் முதல் நிமிடத்துக்குள் அதிகமாகத் தோன்ற வேண்டும். தொடக்கமும் உச்சமும் ஒரே சத்தமாக இருந்தால் நசுக்கியிருக்கிறார்கள். பிறகு மூன்று நிமிடத்தை நெருங்கும்போது கவனியுங்கள். பாடகி மெர்ரி க்ளேட்டன் தனியாகப் பாடும் இடத்தில், அவர் முழு வலுவோடு எட்டிப் பிடிக்கும் உச்சியில் குரல் உடைகிறது, பின்னால் ஒருவர் வியந்து கூவுவது மெலிதாகக் கேட்கும். அந்த உடைசல் தொண்டையிலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். கருவி கரகரப்பதாகக் கேட்டால் மாஸ்டரிங்கில் உச்சம் தட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது ‘தெளிவாக’ இருப்பதாகக் காது நம்பிவிடும். அதே பாட்டின் அதே முப்பது விநாடிகளை இரண்டிலும் எடுத்து, சராசரிச் சத்தத்தை எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்துக்கான அளவுகோல்) அளவில் சமமாக்கி, எது எதென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கின்றனவா என்று தெரியும். இவ்வளவும் நம்பத்தக்க சோதனை. இணையத்தில் பரவும் டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) எண்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. சிடிக்கும் சிடிக்கும் இடையே ஒரு குறிப்பாக அது உதவும். எல்பியிலிருந்து பதிந்து எடுத்த எண் பெரும்பாலும் இயல்பைவிட அதிகமாகவே காட்டும், ஊசி ஓடும்போது அலையின் வடிவம் மாறுவதால். அந்த எண்ணை வைத்து எல்பிதான் மேல் என்று சொல்வது தவறு. எந்த ரீமாஸ்டர் (மறுபடி செய்த மாஸ்டரிங்) ‘இதமாக’ இருக்கிறது என்பது உங்கள் ஸ்பீக்கரையும் அறையையும் பொறுத்தது, அதை எழுத்தில் யாரும் தீர்த்துவைக்க முடியாது.

‘ஹாட் ராக்ஸ்’ சிடிக்கு என் பரிந்துரை 2002ல் ஆப்கோ செய்த ரீமாஸ்டர். பாப் லட்விக் மாஸ்டரிங், ஹைப்ரிட் எஸ்ஏசிடியாக (உயர்தர ஒலியும் சாதாரண சிடி ஒலியும் சேர்ந்த தட்டாக) வந்தது, சாதாரண சிடி பிளேயரிலும் ஓடும். 1986 முதல் வந்த பழைய சிடிகள் கேட்க முடியாதவை அல்ல, ஆனால் புதியதில் கித்தாரின் மரமும் கம்பியும் பிரிந்து கேட்கின்றன. எல்பியில் வாங்கினால் நான்காம் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றும் பதினேழிலிருந்து இருபத்தொரு நிமிடம் வரை, நான்காவது 26 நிமிடம். அவ்வளவு நீளத்தை ஒரு பக்கத்தில் வெட்ட வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘வைல்ட் ஹார்சஸ்’. தட்டின் உள்வட்டத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் மெதுவாக நகர்வதால் மேல்சுரங்கள் அங்கேதான் முதலில் கெடும். பழைய தட்டு வாங்குவதற்கு முன் அந்தப் பாட்டைப் போட்டு, ‘ஸ’ ஒலி வரும் இடங்கள் சீறுகின்றனவா என்று கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மற்ற பக்கங்களும் தப்பியிருக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவராக இருந்தால் தொகுப்பை வாங்கும் தேவையே பாதி குறைகிறது. ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸுக்குச் சமப்படுத்துவதால் சத்தமான மாஸ்டரிங்குக்கு அங்கே எந்த ஆதாயமும் இல்லை, ஆனால் நசுக்கியது நசுக்கியதாகவே இருக்கும். ஒரே பாட்டு நான்கு தொகுப்புகளில் இருந்தால் நான்கும் ஒரே மாஸ்டர் என்று எண்ண வேண்டாம். ‘கிம்மி ஷெல்ட்டர்’ சோதனையை அங்கேயே செய்து பாருங்கள். சொந்தப் பட்டியல் போட நினைத்தால் ‘ஹாட் ராக்ஸ்’ வரிசையை அப்படியே வைத்து, முதல் பக்கத்தில் ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’, ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’, ‘தி லாஸ்ட் டைம்’ மூன்றையும் ‘சாட்டிஸ்ஃபேக்ஷனு’க்கு முன்னால் சேருங்கள். பிறகு ‘டம்ப்ளிங் டைஸ்’, ‘ஹேப்பி’, ‘ஆஞ்ஜி’, ஆல்பம் நீளத்தில் ‘மிஸ் யூ’, ‘பீஸ்ட் ஆஃப் பர்டன்’, ‘ஸ்டார்ட் மீ அப்’, ‘வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்’ என்று காலப்படி தொடருங்கள். 31 பாட்டு வரும். இதில் எது சேர வேண்டும் எது வேண்டாம் என்பது என் ரசனை, விவாதத்துக்கு உரியது. வரிசை காலப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதம்.

எந்தத் தொகுப்பாலும் முடியாத ஒன்று இருக்கிறது. 1972ன் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ 18 பாட்டுள்ள இரட்டை ஆல்பம். தொகுப்புகள் அதிலிருந்து வழக்கமாக எடுப்பவை ‘டம்ப்ளிங் டைஸ்’, ‘ஹேப்பி’ இரண்டுதான். குரல் வாத்தியங்களுக்குள் பாதி புதைந்து கிடக்கும் மங்கலான மிக்ஸ் அது. அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் அதன் போதை ஏறும், தனியே பிடுங்கி வைத்தால் பக்கத்துப் பாட்டுகளுக்கு முன் சோர்ந்து கேட்கும். ஆகவே ‘ஹாட் ராக்ஸ்’ கேட்டு மூன்றாம் பக்கம்தான் உங்களைப் பிடித்தது என்றால் அடுத்து இன்னொரு தொகுப்புக்குப் போக வேண்டாம், நேராக 1969ன் ‘லெட் இட் ப்ளீட்’ வாங்குங்கள், ஒன்பதே பாட்டு. நான்காம் பக்கம் பிடித்தால் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’, அதற்கடுத்து ‘எக்ஸைல்’. முதல் இரண்டு பக்கமும்தான் பிடித்தது என்றால் மட்டும் ‘மோர் ஹாட் ராக்ஸ்’ அல்லது ‘லண்டன் இயர்ஸ்’. பழைய சிடிக் கடையில் ‘ஹாட் ராக்ஸ்’ கிடைத்தால் பெட்டியைத் திறந்து இரண்டு தட்டும் இருக்கின்றனவா, இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று லேபிள் அச்சைப் பார்த்துச் சரிபாருங்கள். இரட்டைத் தட்டுகளில் ஒன்று மாறிப்போயிருப்பது அடிக்கடி நடக்கும்.